விருந்தாளியின் தூக்கம்

காலை நான்கு ஐம்பது. ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, வாசல் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அதில் என் மனைவியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டி. நெற்றியில் விபூதி. தலை ஈரமாக வாரியிருந்தது. மடியில் ஒரு துணிப்பை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல இருந்தார்.

“மச்சான், ஊருக்குக் கிளம்பிட்டீங்களா?” என்றேன்.

“இல்லீங்க மாப்ளே. படுத்துக்கிட்டு முழிச்சிருக்கறதுக்கு, குளிச்சுட்டு உக்காந்து முழிச்சிருக்கலாம்னுதான்.”

எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டுக்கு அவர் வந்து அது மூன்றாவது காலை.

அவருக்குக் கரூர். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, மேஸ்திரியாகி, ஓய்வு பெற்றவர். இளம் வயதில் இரும்பைத் தேய்க்கும்போது தெறித்த ஒரு தூள் இடது கண்ணைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதையும் வலது கண்ணாலேயே பார்த்திருக்கிறார். இப்போது அந்தக் கண்ணில் புரை. மனைவி இறந்துவிட்டார், மகன் கனடாவில். ஒரே கண்ணில் ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டுவிட்டால் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துத் தர ஆளில்லை. அதனால் என் மனைவி பிடிவாதமாக அவரைச் சென்னைக்கு வரவழைத்தாள்.

அடையாறு பக்கத்துக் கண் மருத்துவமனை ஒன்றில் காட்டினோம். டாக்டர் நிதானமானவர். கண்ணைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார், பிறகு தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். ஊரில் நன்றாகத் தூங்குவேன், வந்த இடத்தில் தூக்கம் பிடிக்கவில்லை என்று மச்சான் சொன்னார்.

“இது ஒரே கண்ணு. அதனால நான் அவசரப்பட மாட்டேன்” என்றார் டாக்டர். “முழு மயக்கம் கிடையாது. கண்ணு மட்டும் மரத்துப்போக மருந்து போடுவோம். நீங்க அசையாம படுத்திருக்கணும். தூங்காம வர்றவங்க டேபிள்ல துணியைப் போர்த்தினதும் கண்ணசந்துடுவாங்க. அப்புறம் திடுக்குனு முழிச்சுத் தலையைத் திருப்புவாங்க. அந்த ஒரு திருப்பு போதும். பிரஷரும் இறங்கணும், தூக்கமும் வரணும். ரெண்டு வாரம் இருக்கு. வேணும்னா தூக்கத்துக்கு மாத்திரை எழுதித் தரேன்.”

“மாத்திரை வேண்டாம் டாக்டர்” என்றாள் என் மனைவி. “இயற்கையா எவ்வளவோ இருக்கு. வீட்டுலயே பாத்துக்கறோம்.”

மச்சான் தலையசைத்தார். ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறவர். இன்னொன்று வேண்டாம் என்பது அவர் எண்ணமாகவும் இருந்தது.

அன்று இரவே தொடங்கியது. கசகசாவை ஊறவைத்து அரைத்துப் பாலில் கொதிக்கவைத்து, மேலே ஜாதிக்காயைச் சந்தனக்கல்லில் இரண்டு இழைப்பு இழைத்துக் கலந்து, ஒரு பெரிய டம்ளர். படுக்கும் முன் உள்ளங்காலில் சூடு காட்டிய நல்லெண்ணெய். எங்கள் வீட்டுத் தரை வழவழப்பான டைல்ஸ். எண்ணெய்க் காலோடு அவர் கட்டிலை நோக்கி நடந்தது, மழையில் நனைந்த படியில் இறங்குகிற நடையாக இருந்தது.

“எப்படிண்ணா தூங்கினே?” என்று காலையில் அவள் கேட்டாள். கையில் கரண்டியோடு, பதிலுக்காக அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு நின்றாள்.

மச்சான் தங்கையின் முகத்தைப் பார்த்தார். “அம்சமாத் தூங்கினேன் அம்மிணி” என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. கசகசாப் பால் நிலைத்துவிட்டது.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். ஒருவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தூக்கமில்லை என்றால் அது ஒரு வீட்டு விஷயமாக நிற்காது. வாட்ச்மேன் பட்டினப்பாக்கத்துக்காரர், கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். அவர் மறுநாளே பின்பக்கத்து வேலியோரத்து மருதாணியிலிருந்து ஒரு கைப்பிடி பூவை நியூஸ் பேப்பரில் மடித்துக் கொண்டுவந்தார்.

“சார், இத்தத் தலகாணிக்குக் கீழ வெச்சிக்கச் சொல்லு. எங்க நைனா கடசி வரிக்கும் இத்த வெச்சிகினுதான் தூங்குனாரு.”

“அதுல தூங்கித்தான் போய்ச் சேந்தாருங்களா?” என்று மச்சான் கேட்டார்.

“ஐய, பெர்சுக்குக் குசும்பப் பாரு. தூக்கம் வரலன்னாலும் வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.”

பூவை வைத்தோம். அறை முழுக்க மணந்தது. கூடவே பொடி எறும்புகளும் வந்தன. காலையில் வாட்ச்மேன் மாடியேறி வந்து கேட்டபோது, “நல்ல தூக்கமுங்க” என்றார் மச்சான். அதன்பின் தினமும் மாலையில் ஒரு பொட்டலம் வந்தது.

எதிர் வீட்டு மாமி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அந்தக் குடும்பம் கோவில் பக்கத்திலேயே பல தலைமுறையாக இருப்பது. மாமி எங்கள் ஹாலுக்குள் வந்து, நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே விசாரித்தார்.

“காபி எத்தனை வேளை?”

“மூணுங்க. சில நாள் நாலு.”

“ராத்திரி?”

“சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு அரை டம்ளர்.”

“போச்சு போங்கோ. காபியை வயத்துல வச்சுண்டு தூக்கத்தைத் தேடினா எங்கேர்ந்து வரும்? ஏண்டி, நீயாவது சொல்லப்படாதோ?” இது என் மனைவிக்கு.

“வீட்டுக்கு வந்தவருக்குக் காபி இல்லைன்னு எப்படி மாமி சொல்றது?”

“நான் சொல்றேன். நாளையிலேர்ந்து காபி கிடையாது. பதிலுக்கு நானே கொண்டுவரேன்.”

கொண்டுவந்தார். மாடவீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அதிமதுரத்தை இடித்து, சோம்பும் துளி சுக்கும் சேர்த்துக் கொதிக்கவைத்தது. பால் இல்லை, சர்க்கரை இல்லை. தானாகவே தித்திக்கும், வெளிர் மஞ்சள் நிறம். மச்சானுக்கு அது பிடித்தும் இருந்தது. “பாயசமாட்டம் இருக்குதுங்க” என்றார். காபி நின்ற இரண்டு நாளும் அவருக்குத் தலை வலித்தது. உடம்பிலிருந்து காபி இறங்குகிறது, நல்லதற்குத்தான் என்று மாமி சொன்னார்.

“எப்படித் தூங்கினேள்?” என்று மூன்றாம் நாள் வாசலிலிருந்தே கேட்டார்.

“உங்க கசாயத்துக்கப்புறம்தானுங்க தூக்கம்னா என்னன்னே தெரியுது.”

மாமி அன்று மாலையிலிருந்து டம்ளரை விட்டுவிட்டு ஃபிளாஸ்க்கில் கொண்டுவரத் தொடங்கினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் தாகம் எடுத்தாலும் அதுவே.

செய்தி ஆசிரியர் மேஜையில் பல வருடம் இரவு வேலை பார்த்தவன் நான். தூங்காத முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். விருந்தாளி அறையின் கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருப்பதில்லை. மேல்மாடிப் பையன் மோட்டார் சைக்கிளில் எப்போது வந்தான், மெட்ரோ வேலை நடக்கும் தெருவில் இயந்திரம் எப்போது ஓய்ந்தது, பேப்பர் எப்போது விழுந்தது எல்லாம் மச்சானுக்குத் தெரிந்திருந்தது. பேச்சுவாக்கில் சொல்வார். விரிப்பைப் பற்றி மனைவியிடம் சொன்னேன்.

“அண்ணன் சின்ன வயசுலேர்ந்தே அசையாமத்தான் தூங்கும்” என்றாள்.

யாராவது ஒருவரிடம் அவர் தூங்கவில்லை என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு வைத்தியமாவது நின்றிருக்கும். எல்லோரிடமும் தூங்கினேன் என்று சொன்னதால் எல்லாமே தொடர்ந்தன. படுக்கும் நேரத்தில் பால், எண்ணெய், பூ. அதற்கு முன்னால் ஃபிளாஸ்க்கின் மிச்சம். விருந்துக்குப் போன இடத்தில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் உப்பில்லை என்று சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை. தூக்கத்தையும் அவர் அந்தக் கணக்கிலேயே வைத்திருந்தார்.

தெருமுனை மருந்துக்கடையில் ரத்த அழுத்தம் பார்த்தோம். வந்த அன்று இருந்ததைவிடக் கூடியிருந்தது. மனைவி ஊறுகாயை நிறுத்தினாள், அப்பளத்தை நிறுத்தினாள், ரசத்தில் உப்பைப் பாதியாக்கினாள். மறுபடி பார்த்தபோது இன்னும் கூடியிருந்தது. அந்த வாரம் அவர் செருப்பின் வாரை ஒரு துளை தள்ளி மாட்டியதைக் கவனித்தேன். வெயிலில் நடந்தால் கால் வீங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நாள் காலையில் மருத்துவமனையில் பச்சை அங்கி கொடுத்து உட்காரவைத்தார்கள். அவர் பக்கத்தில் வரிசையாகப் பச்சை அங்கிக்காரர்கள். ஒவ்வொருவர் நெற்றியிலும் எந்தக் கண் என்று காட்ட ஒரு ஸ்டிக்கர். நர்ஸ் அவருக்கு மட்டும் மூன்று முறை அழுத்தம் பார்த்தார். மேல் எண் நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே வரவில்லை. வரிசை நகர்ந்தது. அவர் நாற்காலியிலேயே இருந்தார்.

டாக்டர் வெளியே வந்து தோளில் கை வைத்தார். “இன்னிக்கு வேண்டாம். இவ்வளவு பிரஷர்ல கண்ணைத் திறந்தா உள்ள ரத்தம் கசியலாம். இன்னொரு கண்ணு இருந்தாக்கூட நான் யோசிப்பேன்.”

மச்சான் நெற்றி ஸ்டிக்கரை மெல்ல உரித்து, மடித்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

எங்களைப் பொது மருத்துவம் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினார்கள். வயது முப்பதுக்குள் இருக்கும். “என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?” என்று கேட்டார்.

“பிரஷர் மாத்திரை ஒண்ணு. வேற எதுவும் இல்லீங்க.”

என் மனைவியும் ஆமாம் என்றாள். நானும் மறுக்கவில்லை. எங்கள் மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் அட்டையிலிருந்து பிதுக்குவது என்றுதான் மூவருக்கும் அர்த்தம்.

டாக்டர் குனிந்து அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சரி, மருந்தை விடுங்க. காலைல எழுந்ததும் என்ன குடிப்பீங்க? அதுலேர்ந்து வரிசையாச் சொல்லுங்க.”

“முன்னெல்லாம் காப்பிங்க. இப்ப நிறுத்தியாச்சு.”

“பதிலுக்கு?”

“அதிமதுரக் கசாயமுங்க.”

“ஒரு டம்ளரா?”

“ஃபிளாஸ்க்குங்க. காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபமில்லை, குரலும் உயரவில்லை. அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்று விளக்கினார். தொண்டைக்கு ஒரு துண்டு மெல்வது வேறு, நாளெல்லாம் குடிப்பது வேறு என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அதை நிறுத்தி, தூக்கத்துக்கு என்று கொடுக்கிற மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, பிரஷர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பினோம். அடையாறு பாலத்தில் காற்று பலமாக அடித்தது. மச்சான் மூக்குக் கண்ணாடிக்கு மேலே கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமி ஃபிளாஸ்க்கோடு வந்துவிட்டார்.

“ஆச்சா? கண்ணுல கட்டையே காணோமே?”

என் மனைவி விஷயத்தைச் சொன்னாள். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். மாமி ஃபிளாஸ்க்கை மேஜையில் வைத்துவிட்டு, அதன் மூடியைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அதிமதுரமா? பாடறவா எல்லாம் வாயிலேயே போட்டுண்டு இருப்பாளே!” என்றார் பிறகு. “ஒரு வேளைதானே நான் ஆரம்பிச்சேன்? நன்னாத் தூங்கினேன்னு இவர்தானே சொன்னார்? அதை நம்பித்தானே ரெண்டு வேளையாக்கினேன்?”

மச்சான் எழுந்து நின்றார். “மன்னிக்கோணுங்க. நான் ஒரு நாளும் தூங்கலீங்க.”

என் மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

“ஏண்ணா, பால் குடிச்சியே?” என்றாள் மனைவி.

“இல்ல அம்மிணி.”

“எண்ணெய் தேச்சதுக்கு?”

“இல்ல.”

“மருதாணிப் பூ?”

“அதுல எறும்புதான் நல்லாத் தூங்குச்சு.”

மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “கேட்டப்பல்லாம் தூங்கினேன் தூங்கினேன்னியே!”

“கரண்டிய வெச்சுக்கிட்டு அப்படி நின்னு கேக்கற. இல்லைன்னு சொன்னா அன்னிக்குப் பூரா உன்ற மூஞ்சி எப்படிப் போவும்னு எனக்குத் தெரியாதா?”

மாமி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இத்தனை நாளில் எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்தது அன்றுதான்.

“சரி, நடந்தது நடந்துடுத்து. இப்போ இதைச் சொல்லுங்கோ. ஏன் தூக்கம் வரலை? காபி இல்லை, சரி. புது இடம், சரி. படுத்துண்டு என்ன நினைச்சுண்டிருப்பேள்?”

மச்சான் சொல்லக் கூச்சப்பட்டார். என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கடைசியில் மாமியைப் பார்த்துச் சொன்னார்.

“ஒண்ணுக்குப் போறதப் பத்திங்க.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கரூர் வீட்டில் இரவில் விளக்கே போடமாட்டார். கட்டிலிலிருந்து கையை நீட்டினால் ஜன்னல் கம்பி. கம்பியை விட்டால் பீரோ. பீரோவை விட்டால் கதவு நிலை. சுவரிலிருந்து கையை எடுக்காமலே போய்விட்டு வருவார். எங்கள் வீட்டு விருந்தாளி அறையிலிருந்து குளியலறைக்குப் போக ஹாலைக் கடக்க வேண்டும். எழுந்தால் கைக்குப் பிடிக்க எதுவும் கிடையாது; நீளமான வெறும் சுவர்தான், கதவு எங்கே வருகிறது என்று கைக்குத் தெரியாது. வந்த முதல் இரவு, பாதி திறந்திருந்த குளியலறைக் கதவின் விளிம்பில் அவர் புருவம் இடித்தது. வலது புருவம்.

“ஒரு விரக்கடை தள்ளிக் கண்ணுல இடிச்சிருந்தா இந்த ஆபரேசனே தேவப்பட்டிருக்காதுங்க” என்றார்.

“விளக்கைப் போட்டுக்கறதுதானேண்ணா? யாரு என்ன சொல்லப்போறா?”

“விளக்கு போட்டா இன்னும் மோசம் அம்மிணி. புரைக்கண்ணுக்கு ராத்திரி வெளக்கு வெளிச்சம் புகையாட்டம் பரவிப்போவுது. மேஜை, நாற்காலி எல்லாம் ஒரே வெள்ளையாத் தெரியும். இருட்டே தேவலாம்.”

அதனால் படுத்தவர், எழ வேண்டிவந்துவிடுமோ என்ற பயத்திலேயே விழித்திருந்தார். படுக்கும் நேரத்தில் பெரிய டம்ளர் பாலும் கஷாயமும் கொடுத்து, காலில் எண்ணெய் தடவி, வழவழப்பான தரையில் நாங்கள் அவரை அனுப்பிக்கொண்டிருந்தோம். வெளிச்சம் வரும்வரை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். முடியாத நாட்களில் கையை முகத்துக்கு முன்னால் மறைத்துக்கொண்டு, தரையைத் தேய்த்துத் தேய்த்துப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் படுக்க மனம் வராமல், குளித்து, சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

“நான் அந்த ரூம்லயே படுத்துக்கறேன் மச்சான். என்னை எழுப்புங்க” என்றேன்.

“ஏனுங்க மாப்ளே, தங்கச்சி வூட்டுக்காரர எழுப்பி ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றதா? அதுக்குக் கண்ணு போனாலும் போகுதுன்னு இருந்துருவேன்.”

சொன்ன விதத்தில் அவர் விளையாடவில்லை என்பது தெரிந்தது. நான் மறுபடி கேட்கவில்லை.

மனைவி கொடிக்கயிறு கட்டலாமா என்றாள். கயிறு தொய்யும் என்றார் மச்சான். எழுந்து விருந்தாளி அறை வாசலுக்குப் போனார். சுவரில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, குளியலறைவரை மெல்ல நடந்தார். இரண்டு இடத்தில் நின்று விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது. வேலைக்கு வந்தவர் முகம்.

“மாப்ளே, இங்க இரும்புக் கடை எங்கிருக்குதுங்க?”

மந்தைவெளியில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனோம். பைப்பை வாங்கும் முன் அவர் அதை மூன்று விதமாகப் பிடித்துப் பார்த்தார். மெல்லியதை ஒதுக்கினார், கனமானதையும் ஒதுக்கினார். கடைக்காரர், “சார், கர்ட்டன் ராடுதானே? எதுவா இருந்தா இன்னா?” என்றார். “பஸ்ல நீங்க பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்களே, அந்தக் கனம் வேணுமுங்க” என்றார் மச்சான். வளைவுத் துண்டுகள், பிடிமானங்கள், திருகாணி. டிரில் இயந்திரத்தை அதே கடையில் வாடகைக்கு எடுத்தோம்.

மதியம் துளை போட ஆரம்பித்ததும் வாட்ச்மேன் ஓடிவந்தார்.

“சார், ரெண்டு மணிக்கு மேல டிரில்லு போடக் கூடாதுன்னு செகரெட்ரி சொல்லிகீறாரு. அவுரு தூங்குற டைமு. அப்பால என்னைத்தான் இன்னான்னு கேப்பாரு.”

“அவர் தூக்கத்தை நான் பார்த்துக்கறேன். நீ போ” என்று எதிர் வீட்டிலிருந்து மாமியின் குரல் வந்தது. மாமியும் பின்னாலேயே வந்து, மச்சான் அளவு பார்க்கும்போது பைப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கணக்கு வாத்தியார் என்பதால் மட்டம் சரியில்லை என்று இரண்டு முறை தடுத்தார். இரண்டாம் முறை அவர் சொன்னது சரியாகவும் இருந்தது.

மாலைக்குள் விருந்தாளி அறைக் கட்டிலோரத்திலிருந்து கிளம்பி, கதவு நிலையைச் சுற்றி, ஹால் சுவர் நெடுக, குளியலறைக்கு உள்ளேவரை இடுப்பு உயரத்தில் ஒரே கம்பி. குளியலறைக் கதவு பாதியில் நிற்காமல் சுவரோடு போய் ஒட்டும்படி ஒரு காந்தக் கொக்கியும் போட்டிருந்தார். மாமி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்து நடந்து பார்த்தார்.

“அடுத்த ஸ்டாப்பிங் பாத்ரூம். எறங்கறவா எறங்கிக்கலாம்.”

“டிக்கெட்டு வாங்கினீங்களா?” என்றார் மச்சான்.

அன்றிரவே அவர் தூங்கிவிடவில்லை. மறுநாள் மனைவி கேட்டபோது, “கொஞ்சம்தான் அம்மிணி. வெடிகாலைல ஒரு ரெண்டு மணி நேரம்” என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அடுப்பைச் சின்னதாக்காமல், “சரி” என்று மட்டும் சொல்லித் திரும்பிக்கொண்டாள். அவர்கள் இருவரும் இப்படிப் பேசப் பழக அந்த வாரம் முழுவதும் ஆனது.

வைத்தியங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. கசகசாப் பாலும் ஜாதிக்காயும் அலமாரிக்குப் போயின. எண்ணெய்க் கிண்ணம் காலுக்கு வருவது நின்றது. காலையில் ஒரு டம்ளர் காபி திரும்பி வந்தது. மதியத்துக்குப் பிறகு கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். மருதாணிப் பூவை மட்டும் வேண்டும் என்று அவரே கேட்டார். மணம் நன்றாக இருக்கிறதாம். வாட்ச்மேன் அதைக் காகிதத்தில் உதறி எறும்பு போக்கிக் கொண்டுவந்து கொடுப்பார். “இப்பனா மெய்யாலுமே தூங்குறியா, இல்ல டூப் உடுறியா?” என்று தினமும் கேட்பார்.

பகலில் சும்மா இருக்க மாட்டேன் என்றார். எங்கள் பால்கனிக் கதவின் கீலைச் சரிசெய்தார். மாமி வீட்டு அலமாரியின் ஆடும் காலை நிறுத்தினார். மாலையில் நாங்கள் இருவரும் கடற்கரைவரை நடந்து வருவோம். ஒரு நாள் காலை, பேப்பர் வந்து, நான் அதைப் படித்து முடித்து, மனைவி போட்டுவைத்த காபி ஆறி ஆடை படிந்த பிறகும் அவர் அறைக் கதவு மூடியே இருந்தது. எட்டிப் பார்த்தேன். போர்வை கால்மாட்டில் சுருண்டு கிடந்தது. ஒரு தலையணை தரையில் இருந்தது. அவர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மனைவி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

“அசையாமத் தூங்கும்னேன்ல?” என்றாள் மெல்ல.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் டாக்டரிடம் போனோம். அழுத்தம் இறங்கியிருந்தது. கணுக்காலில் விரல் வைத்து எடுத்தபோது பள்ளம் விழவில்லை. ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. “இப்ப என்ன குடிக்கறீங்க?” என்று அவர் கேட்டதற்கு, மச்சான் காலையிலிருந்து இரவுவரை ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

ஆபரேஷன் அன்று மாமியும் வந்திருந்தார். என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்த முறை பச்சை அங்கி வரிசையில் மச்சான் எல்லோரோடும் நகர்ந்தார். கதவுக்குள் போகும் முன் திரும்பிப் பார்த்து, “கவலப்படாத அம்மிணி, தூங்க மாட்டேன்” என்றார். வெளியே வந்த டாக்டர், அவர் கடைசிவரை அசையவில்லை என்றார்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையில், மச்சான் கடைசிக்கு முந்தின வரிவரை வாசித்தார்.